சுமைதாங்கி

மீன்தொட்டியைக் காண வருவோர் மீனைக் காண்பர். அதன் நிறத்தைப் புகழ்வர். நீரின் தெளிவை வியப்பர். உள்ளே அசையும் செடிகளைச் சுட்டிக்காட்டித் தம் பிள்ளைகளோடு பேசி மகிழ்வர். அத்தொட்டி எதன்மேல் நிற்கின்றது என்று குனிந்து பார்ப்பவர் நூற்றில் ஒருவர்கூட இரார். இது குறையன்று, உலக இயல்பு. தாங்குகின்ற பொருள் தன் கடமையைச் செவ்வனே செய்யும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை. அது தளரும் நாளில்தான் எல்லாருடைய கண்ணும் அதன்மேல் விழுகின்றது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் கண்டிருப்பீர்கள். நிமிர்ந்து நிற்கும் இரண்டு கற்கள். அவற்றின் தலைமேல் குறுக்கே கிடத்திய ஒரு பலகைக்கல். அமைப்பு அவ்வளவே. தலைச்சுமையோடு தனியே நடந்து வருகின்றவர், இறக்கிவிட ஆள் இல்லாதபோது, குனியாமலே சுமையை அக்கல்லின்மேல் நகர்த்தி வைத்து இளைப்பாறுவார். பின்னர்க் குனியாமலே மீண்டும் ஏற்றிக்கொள்வார். பிள்ளைப்பேற்றுக்கு முன்னரே, வயிற்றுச் சுமையோடு மாண்டுபோன பெண்ணின் நினைவாக அவளுடைய உறவினர் இக்கல்லை நாட்டுவது வழக்கம். அவள் இறக்கி வைக்க இயலாமற் போன சுமையை ஊரார் ஒவ்வொருவரும் இறக்கி வைக்கட்டும் என்னும் கருத்து அதில் அமைந்துள்ளது. அக்கல்லில் ஆணி இல்லை, இரும்பு இல்லை. மேற்கல் கீழ்க்கற்களின்மேல் அமர்ந்திருக்கின்றது. அமர்ந்திருப்பதனாலேயே அது தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கின்றது. தாங்குதல் என்பதன் முழு இலக்கணமும் இதனுள் அடங்கிவிட்டது என்பதை, ரவாங்கில் எங்கள் பள்ளியின் அறிவியல் அறையில் ஒரு மீன்தொட்டிக்குத் தாங்கி செய்த நாள்களில் தெளிவாக உணர்ந்தேன்.

வீடு மாறிச் சென்ற ஒரு குடும்பத்தார் தம் மீன்தொட்டியைப் பள்ளிக்கு அன்பளிப்பாக வழங்கினர். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கண்ணாடியின் தடிப்பு மட்டும் 12 மில்லிமீட்டர். வெறுந்தொட்டியை உள்ளே கொண்டுவரவே ஆறு பேர் வேண்டியிருந்தது. தாங்கி மட்டும் வரவில்லை. அது அவ்வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததாம். தொட்டி தரையில் விரித்த சாக்கின்மேல் சில வாரங்கள் காத்திருந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. கடையில் இரும்புத் தாங்கி கிடைக்கும், பணம் திரட்டி வாங்கிவிடலாம் என்றார் ஒருவர். நூலகத்தில் பழைய புத்தக அலமாரி சும்மா கிடக்கின்றதே, அதைப் படுக்க வைத்து அதன்மேல் ஏற்றலாம் என்றார் மற்றொருவர்.

இரண்டும் எளிய வழிகளே. ஆயினும் அலமாரி யோசனையை நான் முதலிலேயே மறுத்துவிட்டேன். இக்காலத்து அலமாரிகளிற் பல மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. நீர் பட்டால் அப்பலகை ஊறிப் பொருமும். பொருமிய பின் அதில் திருகாணி நிற்காது. கூடியிருந்தவர்களிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன்: "அதன் முன்னால் நிற்கப் போவது யார்?" முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கைப் பதித்துக்கொண்டு நிற்பார்கள். தொட்டி சரிந்தால் சரிவது அவர்கள்மேல்தான். அதன்பின் அலமாரியைப் பற்றி எவரும் பேசவில்லை.

கடைத் தாங்கியை வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. நன்றாகப் பற்றவைத்து, துருப்பிடிக்காமல் வண்ணம் பூசிய இரும்புத் தாங்கியும் நல்ல தாங்கியே. ஆனால், அதை வாங்கி வைத்தால் பிள்ளைகள் மீனை மட்டுமே கற்பர். நாமே செய்தால் எடை, பரப்பளவு, கொள்ளளவு, முக்கோணம், மட்டம், மரம் ஆகிய அனைத்தையும் கற்பர். அறிந்ததிலிருந்து அறியாததற்கு அழைத்துச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். கண்முன் கிடக்கும் தொட்டியைவிட அறிந்த பொருள் வேறென்ன வேண்டும்?

முதல் வேலையை ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைத்தேன். இத்தொட்டி நிறைந்து நிற்கும்போது எடை எவ்வளவு? நீளம் 150 சென்டிமீட்டர், அகலம் 60, உயரம் 60. பெருக்கினால் 540 லிட்டர். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். ஆனால், விளிம்புவரை நீர் நிரப்புவதில்லை. கண்ணாடியின் தடிப்பும் கூழாங்கற்களும் கொள்ளும் இடத்தையும் கழிக்க வேண்டும். எனவே நீர் ஏறத்தாழ 440 கிலோகிராம் என்று கணக்கிட்டனர். கண்ணாடி நீரைவிட இரண்டரை மடங்கு அடர்த்தியானது. 12 மில்லிமீட்டர்க் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோகிராம் கனக்கும். ஐந்து பக்கங்களும் சேர்ந்து 3.42 சதுர மீட்டர். ஆக, கண்ணாடி மட்டும் 103 கிலோகிராம். கூழாங்கல் 65, அலங்காரக் கற்கள், வடிகட்டி, மூடி, விளக்கு ஆகியவை 20. எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 630 கிலோகிராம்!

அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இது எவ்வளவு பெரிது?" என்று கேட்டேன். எவரும் விடை கூறவில்லை. 630 என்பது அவர்களுக்கு ஓர் எண், அவ்வளவே. முதலாம் ஆண்டு மாணவர் ஒருவரின் எடையை 21 கிலோகிராம் என்று கொண்டு வகுக்கச் சொன்னேன். முப்பது வந்தது. முப்பது பிள்ளைகள் கொண்ட ஒரு வகுப்பு முழுவதும் ஒரு மேசையின்மேல் ஏறி நிற்பதாக எண்ணிப் பாருங்கள் என்றேன். வகுப்பு சிரித்தது. அவர்கள் ஓய்வுநேர மணி அடித்தும் இறங்காமல், இரவும் பகலும், பள்ளி விடுமுறையிலும், ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்பார்கள் என்றேன். சிரிப்பு அடங்கியது. எடை என்பது என்ன என்று அந்த நொடியில் அவர்கள் விளங்கிக்கொண்டதை முகங்களில் கண்டேன்.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்துக் காட்டும் வழக்கம் மிகப் பழையதன்று. 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கென மீன் இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. அம்முயற்சியில் பங்குகொண்ட பிலிப் ஹென்றி காஸ் என்பவரே 'அக்வேரியம்' என்னும் சொல்லை இப்பொருளில் பரப்பியவர். தமிழ் மண்ணிலும் இக்கலை முன்னதாகவே கால்கொண்டது. 1909ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் ஒரு மீன் காட்சியகம் அமைந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன் அதற்கு முயன்றவர்.

அக்காலத் தொட்டிகளுக்கு இரும்புச் சட்டகம் இருந்தது. அடியில் கற்பலகையை வைத்து, மூலைகளில் இரும்பைப் பொருத்தி, இடையே கண்ணாடியைப் பதித்து மக்குப் பூசுவர். சட்டகமே பாதி வலிமையைத் தந்தது. 1960களில் சிலிகோன் பசை பரவலான பின்னர் நிலைமை மாறியது. கண்ணாடியைக் கண்ணாடியோடு நேரே ஒட்டிவிட முடிந்ததால் இரும்புச் சட்டகம் மறைந்தது. தொட்டி அழகு பெற்றது. ஆனால், முன்பு சட்டகம் ஏற்றுக்கொண்ட பொறுப்பும் தாங்கியின் தலையில் வந்து விழுந்தது. தாங்கியின் மேல்தளம் சற்றே முறுக்கிக் கொண்டாலும் கண்ணாடியும் முறுக்குண்ணும். கண்ணாடி வளைந்து கொடுக்கும் பொருளன்று. பொறுக்கும்வரை பொறுத்து, பின் ஒரே நொடியில் விரிசல் விட்டுவிடும். ஆகவே இன்றைய தொட்டிக்குத் தாங்கி என்பது வெறும் மேசையன்று, தொட்டியின் உறுப்பேயாகும்.

தாங்கி செய்ய யாரை அழைப்பது? எங்கள் மாணவி ஒருத்தியின் தாத்தா முன்வந்தார். எழுபதைக் கடந்தவர், இரயில்வேயில் தச்சராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அதற்கு முன்னர், இளமையில், ரவாங் பக்கத்து ஈயச் சுரங்கம் ஒன்றில் சீனத் தச்சரிடம் கையாளாக இருந்தவர். நம்மவர் 'ஈய லம்பம்' என்று வழங்கிய அச்சுரங்கங்களைப் பற்றி இன்றைய மாணவர்க்குச் சொல்ல வேண்டியுள்ளது. இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலையாகவும் விளங்கும் ரவாங், ஈயத்தால் எழுந்த ஊர். 1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் சுரங்கத் தொழிலுக்காக இங்கே மின்னாக்கியை நிறுவினர். இந்நாட்டு மின்சார வரலாறு அதிலிருந்தே தொடங்குகின்றது. சிறிய ஊர்தான், எனினும் கோலாலம்பூருக்கு முன்னரே மின்னொளியைக் கண்ட ஊர்.

அச்சுரங்கங்களில் 'பாலோங்' என்னும் அமைப்பு ஒன்று உண்டு. பள்ளத்தில் உள்ள மண்ணை நீரைப் பீய்ச்சிக் கரைப்பர். கரைந்த சேற்றைப் பம்பு மூலம் மேலே ஏற்றிச் சாய்வான நீண்ட மரவாய்க்காலில் விடுவர். வாய்க்காலின் குறுக்கே கட்டைகள் இருக்கும். கனமான ஈயமணல் அக்கட்டைகளின் அடியில் தங்கிவிட, இலேசான மணலும் சேறும் ஓடிவிடும். அந்த மரவாய்க்காலே பாலோங். அதைத் தாங்கி நின்றவை வரிசை வரிசையான மரக்கால்கள். தென்னை உயரத்துக்கு எழுந்த கால்கள். அவற்றுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய சாய்வுக் கட்டைகள். நீரும் மணலும் கல்லும் இடைவிடாமல் தலைமேல் ஓட, மரங்கள் நின்று தாங்கின. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, பாலோங்குகளும் மறைந்தன. பள்ளங்கள் ஏரிகளாயின. ஆனால், நீரை மரத்தால் தாங்குவது எப்படி என்னும் அறிவு ஒரு முதியவரின் கையில் எஞ்சியிருந்தது. அந்தக் கை எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது.

மரத்தைத் தேர்வதில் ஒரு சுவையான வாதம் நிகழ்ந்தது. நம் முன்னோர்க்குச் சோறிட்டது பால்மரம். ஆகவே பால்மரப் பலகையிலேயே செய்வோம் என்று ஆசிரியர் ஒருவர் விரும்பினார். எண்ணம் உயர்ந்தது. ஆயினும் பெரியவர் தலையசைத்துவிட்டார். பால்மரம் மேசை நாற்காலிக்கு ஏற்றது. பதப்படுத்தினால் அழகிய தளவாடம் ஆகும். ஆனால், ஈரம் பட்டால் பூஞ்சணமும் பூச்சியும் எளிதில் பற்றும். மீன்தொட்டியருகே ஈரம் இல்லாமல் இருக்காது. "பாசம் வேற, பாரம் வேற வாத்தியாரையா" என்றார் அவர். இறுதியில், இடிக்கப்பட்ட பழைய தோட்டத்து வீடொன்றின் சங்கால் தூண்கள் கிடைத்தன. சங்கால் இந்நாட்டின் வன்மரங்களுள் தலையாயது. படகு கட்டவும் தூண் நாட்டவும் பயன்பட்டு வந்தது. கரையானுக்கும் ஈரத்துக்கும் எளிதில் இடங்கொடாது. பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்று உலர்ந்த மரம் இனிக் கோணாது என்பது இன்னொரு நன்மை. வெளிப்புறம் கருத்துக் கிடந்த தூணை இழைப்புளியால் இரண்டு முறை இழைத்ததும் தேன்நிறம் வெளிப்பட்டது. பிள்ளைகள் வாய்பிளந்து நின்றனர்.

தாங்கியின் உயரத்தை முடிவு செய்தவர்கள் முதலாம் ஆண்டு மாணவர்களே. அவர்களைச் சுவரோரம் நிறுத்திக் கண்ணளவை அளந்தோம். தரையிலிருந்து ஏறத்தாழ 105 சென்டிமீட்டர் வந்தது. தாங்கியின் உயரம் 70 சென்டிமீட்டர் என்றால் தொட்டியின் நடுப்பகுதி 100 சென்டிமீட்டரில் அமையும்; சிறுவர் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை; பெரியவர்தாம் சற்றுக் குனிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் அதுதானே முறை?

கால்கள் ஆறு, நான்கு மூலைகளில் நான்கு, நீளவாட்டின் நடுவில் முன்னும் பின்னும் ஒவ்வொன்று. ஒவ்வொரு காலும் ஏழரை சென்டிமீட்டர்ச் சதுரம். 630 கிலோகிராமை ஆறு கால்களும் சமமாகப் பகிர்ந்துகொண்டால் ஒரு காலுக்கு 105 கிலோகிராம். சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோகிராம்கூட ஆகாது. வன்மரம் தன் நார்வாட்டில் அதுபோல் நூறு மடங்கையும் தாங்க வல்லது. அப்படியானால் அச்சம் எதற்கு என்று மாணவர்கள் கேட்டனர். பெரியவர் சொன்ன விடை அறிவியல் ஏட்டில் எழுதத் தக்கது. "மரம் நசுங்கி விழாது தம்பி, சாஞ்சுதான் விழும்." சுமையால் கெடுவதைவிடச் சாய்வால் கெடுவதே மிகுதி.

மேற்சட்டத்தைக் காலோடு பொருத்தும் முறையில்தான் அவருடைய தொழில் நுட்பம் முழுவதும் விளங்கியது. உதவிக்கு வந்த இளைஞர் ஒருவர், காலின் பக்கத்தில் சட்டத்தை வைத்து நீண்ட திருகாணிகளால் முடுக்கிவிடலாம் என்றார். விரைவான வழிதான். பெரியவர் உளியைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்: "ஆணி பிடிச்சி வைக்கிறதுக்குத்தான், தாங்குறதுக்கு இல்ல." பக்கவாட்டில் முடுக்கினால் பாரம் முழுவதும் ஆணியின்மேல் தொங்கும், ஆணி நாளடைவில் மரத்தைக் கிழித்துக்கொண்டு கீழிறங்கும். ஆகவே அவர் ஒவ்வொரு காலின் தலையிலும் படி வெட்டினார். சட்டம் அப்படியின்மேல் அமர்ந்தது. தொட்டியின் எடை சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து காலுக்கும், காலிலிருந்து தரைக்கும் மரத்தின் வழியாகவே இறங்கியது. திருகாணிகளும் போட்டோம்; ஆனால், அவை சட்டம் நகராமல் காக்கும் காவலர் மட்டுமே. எல்லா ஆணியையும் கழற்றிவிட்டாலும் பாரம் கால்களின்மேலேயே இருக்கும். சுமைதாங்கிக் கல்லின் இலக்கணம் இதுவன்றோ!

சட்டத்தைப் படுக்க வைப்பதா, நிமிர்த்தி வைப்பதா என்ற கேள்விக்கு ஓர் அளவுகோலே விடை தந்தது. முப்பது சென்டிமீட்டர் அளவுகோலைத் தட்டையாகப் பிடித்து அழுத்தினால் வளைகின்றது; விளிம்பு மேலாகப் பிடித்து அழுத்தினால் வளைய மறுக்கின்றது. ஐந்து சென்டிமீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் உயரமும் உள்ளதாக நிமிர்த்தி வைத்த சட்டம், அதே சட்டத்தைப் படுக்க வைத்ததைப் போல நான்கு மடங்கு விறைப்பு உடையது. மரம் ஒன்றே; நிற்கும் முறைதான் வேறு.

சாய்வைத் தடுக்க முக்கோணத்தின் துணையை நாடினோம். நான்கு ஐஸ்கிரீம் குச்சிகளை மூலைகளில் குண்டூசியால் இணைத்துச் சதுரமாக்கினால் அது விரல் பட்டதும் சரிந்துவிடும். மூன்று குச்சிகளை இணைத்து முக்கோணமாக்கினால் அசையாது. இச்சோதனையை நான்காம் ஆண்டு மாணவர்களும் செய்து பார்த்தனர். பாலோங்கின் கால்களுக்கிடையே குறுக்குக் கட்டைகள் எதற்கு என்பது அவர்களுக்கு அப்போது புலனாயிற்று. தாங்கியின் பின்புறம் இரண்டு சாய்வுக் கட்டைகள், இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று. மேல்தளத்துக்கு நீர் புகாப் பசையால் ஒட்டிய 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. அதன்மேல் ஒரு சென்டிமீட்டர்த் தடிப்பில் நுரைத்தகடு. பலகையில் மணலளவு மேடு இருந்தாலும் அது தன்னுள் வாங்கிக்கொள்ளும். வெட்டிய முனைகள் உட்பட எல்லா இடத்திலும் மூன்று முறை வார்னிஷ் பூசினோம்.

தாங்கியை அதன் இடத்தில் நிறுத்திய நாளில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அறிவியல் அறையின் தரை சிமெண்டுத் தரை. கழுவும் நீர் வடிவதற்காகச் சற்றுச் சரிவாகப் போடப்பட்டது. அதை ரசமட்டம் வைத்தும், நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் இரு முனைகளையும் ஒப்பிட்டும் அளந்து கொண்டிருந்தோம். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். வகுப்பில் வாய் திறவாதவன். வாசிப்பில் பின்தங்கியவன் என்று ஆசிரியர்கள் குறித்து வைத்திருந்தவன். அவன் தரையில் படுத்து, கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு துண்டுத் தாளைக் கிழித்து ஒவ்வொரு காலுக்கடியிலும் செருகிப் பார்த்துக்கொண்டே போனான். ஐந்து கால்களில் தாள் நுழையவில்லை. பின்வரிசை நடுக்காலில் மட்டும் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. "தாத்தா, இந்தக் கால் சும்மா நிக்குது" என்றான்.

பெரியவர் கையிலிருந்த மட்டத்தைக் கீழே வைத்துவிட்டு அவனருகே போய்த் தாமும் படுத்தார். பார்த்தார். எழுந்து அவன் தலையைத் தடவிவிட்டு, "நீதாண்டா மேஸ்திரி" என்றார். நிமிர்ந்து நின்ற அவனுடைய தோள்களை அன்றுதான் நான் முழுமையாகப் பார்த்தேன். அந்தக் கால் ஓங்கி நின்றது; பளபளத்தது; மற்றைக் கால்களினின்றும் அதை வேறுபடுத்திச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால், தரையைத் தொடவில்லை. அது தொடாதிருந்தால் அதன் பங்கை அதன் இருபுறத்துக் கால்களும் சுமக்க வேண்டும். சட்டம் நடுவில் தொய்யும். தொட்டியின் அடிக்கண்ணாடி அத்தொய்வை உணரும். சங்கால் சீவலொன்றை மெல்லிய ஆப்பாகச் செதுக்கி அக்காலுக்கடியில் செலுத்தினோம். மறுபடி தாளைச் செருகச் சொன்னார் பெரியவர். நுழையவில்லை. ஆறு கால்களும் ஒன்றுபோல் தரையில் ஊன்றின.

நீரை ஒரே நாளில் நிரப்பவில்லை. கால்பங்கு நிரப்பி ஓர் இரவு விட்டோம், மட்டம் பார்த்தோம், பின் அரைப்பங்கு, பின் முக்கால், நான்காம் நாளில் முழுமை. ஒவ்வொரு நாளும் தாள் சோதனையைச் செய்தவன் அந்த மாணவனே. மின்கம்பிகளைச் செருகுவாய்க்குக் கீழே வளைந்து தொங்கும்படி அமைத்தோம்; கம்பி வழியே நீர் வழிந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும். மீன்களை உடனே விடவில்லை. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை மாற்றவல்ல நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேறச் சில வாரங்கள் வேண்டும். அவ்வாரங்கள் முழுவதும் பிள்ளைகள் வெறும் நீரைப் பார்த்துக்கொண்டு நின்றனர். காத்திருத்தலும் ஒரு பாடந்தான்.

இத்தாங்கியைப் பார்க்கும்போதெல்லாம் என் நினைவு நம் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை நோக்கிச் செல்கின்றது. மலாயாத் தோட்டங்களில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் விதித்தது, தாங்கியவர்கள் யாவர்? காண்டாக் கம்பில் பால்வாளியைத் தோளில் சுமந்தவர்கள். அத்தோளே பிள்ளையின் புத்தகத்தையும் சுமந்தது. பல இடங்களில் பள்ளிக் கூரையையும் சுமந்தது. 1957ஆம் ஆண்டில் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின் இன்று ஏறத்தாழ 530 பள்ளிகளே எஞ்சியுள்ளன. எஞ்சியவை தாமாக நிற்கவில்லை. விழா மேடையில் பெயர் அழைக்கப்படாத பெற்றோர், மாலையில் தங்கிக் கற்பிக்கும் ஆசிரியர், விடுமுறை நாளில் வண்ணம் பூச வரும் முன்னாள் மாணவர் ஆகியோரின்மேல் அவை அமர்ந்துள்ளன.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று கூற விழைகின்றேன். ஒரு பள்ளியில் சுற்றறிக்கை, கால அட்டவணை, குழு, கூட்டம் ஆகிய அனைத்தும் வேண்டியவையே. அவை ஆணிகள், பிடித்து வைப்பவை. ஆனால், பாரம் அவற்றின்மேல் தொங்குமாயின் பள்ளி நெடுநாள் நில்லாது. பாரம் மனிதர்மேல் அமர வேண்டும். ஒவ்வொருவர்மேலும் அமர வேண்டும். வரிசையில் நிமிர்ந்து நின்றும் தரையைத் தொடாத காலை அருகிருப்போர் அறிவர். அவர்கள்தாமே அதன் பங்கையும் சுமக்கின்றனர்! அக்காலைக் குறைகூறி வெட்டி எறிய வேண்டியதில்லை. பல வேளைகளில் குறை காலில் இல்லை. அது நிற்கும் தரையில் இருக்கின்றது. ஒரு மெல்லிய ஆப்பு, ஒரு நல்ல சொல், ஏற்றதொரு பொறுப்பு போதும். அதுவும் தாங்கத் தொடங்கிவிடும். வகுப்பில் ஊமையாய் இருந்த மாணவன் தாளும் கையுமாய்த் தரையில் படுத்த அந்நாளில், அவனுக்கு ஏற்ற தரை கிடைத்தது என்பதே என் கருத்து.

இப்போது அத்தொட்டியில் இந்நாட்டு ஓடைகளுக்கே உரிய ரஸ்போரா மீன்கள் கூட்டமாய்த் திரிகின்றன. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஓய்வுநேரத்தில் அவற்றை எண்ண முயன்று ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை கூறுகின்றனர். ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் நாங்கள் ஒரு வழக்கத்தை மேற்கொண்டுள்ளோம். ஐந்தாம் ஆண்டிலிருந்து இருவர் வருவர்; ஆளுக்கொரு துண்டுத் தாளோடு தரையில் படுப்பர்; ஆறு கால்களையும் சோதித்து, நாள் குறித்து, தாங்கியின் உட்புறம் ஒட்டியுள்ள அட்டையில் கையெழுத்திடுவர். அவ்வட்டையின் முதல் வரியில், கோணல் மாணலான எழுத்தில், ஆனால் பிழையின்றி, அந்த மாணவனின் பெயர் இருக்கின்றது.